ஆற்றில் இரவு லாரி ஓடுகிறதா? அனுமதியில்லா மணல் அள்ளலை ஊர் சேர்ந்து நிறுத்த ஒரு முழுமையான வழிகாட்டி

மணல் லாரியை மறித்த ஊர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். மணல் அள்ளுவதையே நிறுத்திய ஊர்கள் குறைவு. மறியல் நடந்த அன்று லாரி நிற்கும்; அடுத்த வாரம் வேறு தடத்தில் இறங்கும். நிறுத்திக் காட்டிய ஊர்களைப் பார்த்தால் அங்கே யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் ஒரு கோப்பு இருக்கும். சர்வே எண், தேதி, யூனிட் கணக்கு, ஒப்புகை அட்டை எல்லாம் அதில் இருக்கும். அந்தக் கோப்பை எப்படிக் கட்டுவது என்பதுதான் இந்த வழிகாட்டி. கோபம் ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. அதற்கு வழிகாட்டி தேவையில்லை.

எதையும் தொடங்குமுன்: உயிர்

2023 ஏப்ரல் 25 அன்று தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில், கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ் தம் அலுவலகத்திலேயே, பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். தாமிரபரணியில் மணல் அள்ளியதைப் பற்றி அவர் புகார் கொடுத்திருந்தார். கொலையாளிகள் இருவருக்கும் அதே ஆண்டு செப்டம்பரில் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அதற்கு முன், 2018 மே மாதம், நெல்லை மாவட்டத்தில் நம்பியாற்று மணல் கடத்தலைத் தடுக்கப் போன காவலர் ஜெகதீஷ் துரை கொல்லப்பட்டார். 2025 ஜனவரியில் புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் அருகே, கல் குவாரி முறைகேடுகளை எதிர்த்துத் தொடர்ந்து மனு கொடுத்துவந்த ஜகபர் அலி லாரி ஏற்றிக் கொல்லப்பட்டார்.

மூவருக்கும் பொதுவாக ஒன்றைக் கவனியுங்கள்: எதிர்ப்பு ஒரே ஒருவர் முகத்தில் வந்து நின்றது. அவரை அகற்றினால் புகாரும் அகன்றுவிடும் என்று கணக்குப் போட முடிந்தது. அந்தக் கணக்கு உங்கள் ஊரில் பலிக்கக் கூடாது. ஆகவே இந்த வழிகாட்டி முழுவதற்கும் பொருந்தும் சில விதிகள்:

எந்த மனுவிலும் ஒற்றைக் கையெழுத்து வேண்டாம். குறைந்தது இருபது பேர். இரவில் லாரிக்கு எதிரே போய் நிற்காதீர்கள். ஓட்டுநரிடம் பேச்சு வளர்க்காதீர்கள், வண்டியின் சாவியைப் பிடுங்காதீர்கள், கண்ணாடியில் கல் எறியாதீர்கள். எறிந்தால் மறுநாள் காலை வழக்கு உங்கள் மீது இருக்கும். மணல் வழக்கு காணாமல் போயிருக்கும். மிரட்டல் வந்தால், தொலைபேசியில் வந்தாலும் சரி, அன்றே எழுத்துப் புகாராக்கி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போக நேர்ந்தால் அந்தத் தேதிதான் பேசும்.

முதல் படி: என்ன நடக்கிறது என்று சரியாகப் பெயர் வையுங்கள்

"மணல் கொள்ளை" என்பது மேடைக்குச் சரி. மனுவுக்கு அது போதாது. ஆற்றோரம் நடப்பது பெரும்பாலும் நான்கில் ஒன்று.

அப்பட்டமான திருட்டு: மாட்டுவண்டி, டிராக்டர், மினி லாரி, இரவு நேரம், எந்தக் காகிதமும் இல்லை.

அரசு குவாரியின் எல்லை மீறல்: அனுமதி உண்டு, ஆனால் குறித்த பரப்புக்கு வெளியே, குறித்த ஆழத்துக்குக் கீழே பொக்லைன் இறங்குகிறது.

சவுடு என்ற போர்வை: கரையை ஒட்டிய பட்டா நிலத்தில் சவுடு மண் (பள்ளம் நிரப்ப எடுக்கும் சாதாரண மண்) எடுக்க அனுமதி வாங்கி, மேல் மண்ணை ஒதுக்கிவிட்டு அடியிலிருக்கும் ஆற்று மணலை அள்ளுவது. காவிரிப் பகுதியிலும் வைகைக் கரையிலும் உள்ளவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நான்காவது, வண்டல் எடுப்பது, தூர் வாருவது என்ற பெயரில் நடப்பது.

இதை ஏன் முதலில் பிரிக்க வேண்டும்? "அனுமதி இல்லை" என்று நீங்கள் எழுதி, எதிர்த்தரப்பு ஒரு சவுடு அனுமதியைக் காட்டிவிட்டால் உங்கள் மனு அன்றே மூடப்படும். "சவுடு அனுமதியில் மணல் எடுக்கப்படுகிறது, மண் மாதிரியைச் சோதியுங்கள்" என்று எழுதியிருந்தால் அதே காகிதம் அவர்களுக்கு எதிராகத் திரும்பும்.

ஓர் அடிப்படை விவரமும் தெரிந்திருக்க வேண்டும். 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளில் 2003-இல் சேர்க்கப்பட்ட 38-ஏ விதிப்படி, மணல் எடுக்கும் உரிமை அரசிடம் மட்டுமே இருக்கிறது. எனவே தனியார் ஒருவர் "ஆற்றில் மணல் அள்ள எனக்கு லைசென்ஸ் இருக்கிறது" என்றால், அந்த வார்த்தையையே தேதியோடு குறித்து வையுங்கள்.

அடுத்து சர்வே எண். அரசின் இணையவழி நிலப் பதிவேட்டில் அ-பதிவேடும் (சர்வே எண்வாரியாக நிலத்தின் வகையைச் சொல்லும் பதிவேடு) புலப்படமும் (நிலத்தின் எல்லை வரைபடம்) கிடைக்கும். குழி விழுந்திருப்பது ஆற்றுப் புறம்போக்கா, பட்டாவா, பட்டா என்றால் எந்த உட்பிரிவு என்று கண்டுபிடியுங்கள். ஊரில் பழைய தலையாரி யாராவது இருந்தால் அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். வரப்புக் கல் எங்கே புதைந்திருக்கிறது என்பது கணினிக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும்.

இரண்டாம் படி: குழியை அளங்கள்

நான் பார்த்த மனுக்களில் பத்துக்கு ஒன்பது, "ஏராளமான மணல்", "பல நூறு லோடு" என்றுதான் எழுதப்பட்டிருந்தன. அதிகாரி அதைப் படித்துவிட்டு "சிறிதளவு மணல் எடுக்கப்பட்ட தடயம் காணப்பட்டது" என்று பதில் எழுதுவார். எண்ணுக்கு எண்தான் பதில் சொல்ல முடியும்.

பகலில், வேலை நடக்காத நேரத்தில், நான்கைந்து பேராகப் போங்கள். நில அளவை நாடாவால் குழியின் நீளம், அகலம் இரண்டையும் அளங்கள். ஆழத்தை ஐந்தாறு இடங்களில் அளந்து சராசரி எடுங்கள். மூன்றையும் பெருக்கினால் கன மீட்டர். அதை 2.83-ஆல் வகுத்தால் யூனிட். (ஒரு யூனிட் என்பது 100 கன அடி.) 60 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம், 4 மீட்டர் ஆழம் என்றால் 6,000 கன மீட்டர், ஏறத்தாழ 2,120 யூனிட். மூன்று யூனிட் லாரியில் 700 நடைக்கு மேல். "700 லாரி போயிருக்கிறது, எந்தச் சோதனைச் சாவடியும் பார்க்கவில்லையா?" என்ற கேள்வி அப்போது தானாக எழும்.

ஆழத்துக்கு இன்னொரு முக்கியத்துவம் உண்டு. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2020-இல் வெளியிட்ட மணல் அகழ்வு கண்காணிப்பு நெறிமுறைகள் 3 மீட்டருக்கு மேல் தோண்டக் கூடாது என்கின்றன. கரையிலிருந்து ஆற்று அகலத்தில் கால் பங்கு தள்ளித்தான் எடுக்க வேண்டும், அது 7.5 மீட்டருக்குக் குறையக் கூடாது என்றும் சொல்கின்றன. பாலம், குடிநீர் எடுக்கும் கிணறு போன்றவற்றுக்கு அருகே எடுக்கவும் தடை உண்டு. அனுமதி பெற்ற குவாரியும் இவற்றை மீறினால் மீறல்தான்.

புகைப்படம் எடுக்கும்போது கைபேசியில் இடக்குறிப்பைத் திறந்து வையுங்கள். பாலத்தூண், கோயில் கோபுரம், மின்கம்பம் என்று அசையாத ஏதாவது ஒன்று படத்தில் இருக்கட்டும். குழிக்குள் அளவுகோல் பிடித்த ஆள் நிற்கட்டும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, கைபேசியில் இடம் போதவில்லை என்று மூலப்படத்தை அழித்துவிடுவார்கள். வாட்ஸ்அப் வழியாக வந்த படத்தில் எடுத்த நேரமும் இடமும் தங்காது. மூலக் கோப்பை இரண்டு பென்டிரைவில் ஏற்றி இரண்டு வீட்டில் வையுங்கள். நீதிமன்றத்தில் அதைச் சான்றாகக் காட்ட, 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய சட்டம் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும். யார் கைபேசியில், எந்த நாளில் எடுத்தது என்று இப்போதே நோட்டில் எழுதிவிட்டால் அன்றைக்கு வழக்கறிஞர் உங்களைத் திட்டமாட்டார்.

கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களைப் பின்னோக்கிப் பார்க்க முடியும். மூன்று ஆண்டுகளுக்கு முன் வெண்மணல் திட்டு, இன்று பச்சைக் குட்டை. இந்த இரண்டு படங்களையும் ஒரே தாளில் அச்சிட்டால் அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

கடைசியாகத் தண்ணீர். ஆற்றங்கரைக் கிணறுகளில் ஐந்தைத் தேர்ந்தெடுத்து, வாரம் ஒருநாள் கயிறு விட்டு நீர்மட்டத்தைக் குறியுங்கள். மணல் என்பது சும்மா கிடக்கும் பொருள் அன்று. தன் இடைவெளிகளில் நீரைப் பிடித்து வைத்துக் கரையிலுள்ள ஊற்றுக்கும் உறைகிணற்றுக்கும் ஊட்டுவது அதுதான். ஆற்றுப் படுகை தாழ்ந்தால் இன்னொன்றும் நடக்கும்: ஆற்றில் தண்ணீர் ஓடும், ஆனால் வாய்க்காலின் தலைமதகு மேலே நிற்கும், தண்ணீர் ஏறாது. பாசனக்காரர்களுக்கு இதைச் சொன்னால் போதும், மறுநாளே உங்களோடு நிற்பார்கள்.

மூன்றாம் படி: ஊரைச் சேர்ப்பது

எல்லாவற்றிலும் கடினமான படி இதுதான். வழிகாட்டி எழுதுபவர்கள் இதை ஒரு வரியில் கடந்துபோவார்கள். உண்மை என்னவென்றால், லாரி எங்கிருந்தோ வருகிறது, ஆனால் அதற்கு வழிகாட்டும் பையன் உங்கள் தெருக்காரன். அதிகாரி வண்டி வருகிறதா என்று முக்குக் கடையில் உட்கார்ந்து தகவல் சொல்ல அவனுக்கு இரவுக் கூலி உண்டு. கோயில் கொடைக்குப் பந்தல் செலவை யாரோ ஒரு "அண்ணாச்சி" ஏற்றிருப்பார். லாரி போகத் தன் தோட்டத்தில் தடம் விட்டவருக்கு மாதவாடகை போய்க்கொண்டிருக்கும். மாட்டுவண்டிக்காரர்கள் இருப்பார்கள், அவர்களுக்கு ஆறுதான் சோறு.

இவர்களை எல்லாம் ஒரே கும்பல் என்று எண்ணினால் ஊர் இரண்டாகும். அதுதான் மணல்காரர்களுக்கு வேண்டும். மாட்டுவண்டிக்காரரிடம் பேச வேண்டிய பேச்சு வேறு: ஒரு பொக்லைன் ஓரிரவில் அள்ளுவதை அவர் வண்டி ஒரு வருடத்தில் அள்ளாது, குழி ஆழமானால் அவருடைய மாடு இறங்கவே முடியாது. மாட்டுவண்டிக்குத் தனியாக இடம் ஒதுக்கச் சொல்லும் கோரிக்கையையும் உங்கள் மனுவில் சேர்த்தால் அவர் சாட்சியாக மாறுவார். எத்தனை மணிக்கு எந்த வண்டி வந்தது என்பது அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்?

முதல் ஆள்களாக யாரைச் சேர்ப்பது? வேகம் உள்ள இளைஞர்களை அல்ல. தண்ணீர் எடுக்க ஆற்றுக்குப் போகும் பெண்கள், தென்னந்தோப்புக்காரர்கள், குடிநீர்த் தொட்டி இயக்குபவர், ஆடு மேய்ப்பவர்கள். குழியில் வழுக்கி விழுந்து பிள்ளையை இழந்த குடும்பம் எதுவும் இருந்தால், அவர்கள் விரும்பினால் மட்டும்.

கட்சிக்காரர்களை விலக்காதீர்கள், முன்னால் நிறுத்தவும் வேண்டாம். எல்லாக் கட்சிக்காரரும் கையெழுத்திடட்டும், யாருடைய கொடியும் வேண்டாம்.

பிறகு கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் அது கூடும். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். இதற்கு அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. தீர்மானத்தின் வாசகத்தை முன்கூட்டியே எழுதிக்கொண்டு போங்கள், சர்வே எண்ணும் யூனிட் கணக்கும் உள்ளே இருக்கட்டும். தீர்மானப் புத்தகத்தில் ஏறிய பிறகுதான் எழுந்து வர வேண்டும். "அடுத்த கூட்டத்தில் பார்ப்போம்" என்றால் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர்கள் அனைவரும் உட்கார்ந்தே இருங்கள். நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கிராம சபைத் தீர்மானம் லாரியை நிறுத்தாது, ஆனால் பின்னால் பசுமைத் தீர்ப்பாயம் "பாதிக்கப்பட்டவர் யார்?" என்று கேட்கும்போது ஊரே பதிலாக நிற்கும்.

நான்காம் படி: அவர்கள் காகிதத்தை வாங்குங்கள்

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. வெள்ளைத்தாள், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை, 30 நாளில் பதில். இந்தியக் குடிமகன் யாரும் எந்த ஊரிலிருந்தும் கேட்கலாம் என்பதால், வெளியூரில் வேலை பார்க்கும் உங்கள் ஊர்க்காரர் பெயரில் அனுப்புவது நல்லது. விண்ணப்பித்தவர் பெயர் மாலைக்குள் குவாரிக்குப் போய்விடும் என்ற அச்சம் வீண் அச்சம் அன்று.

"ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று கேட்காதீர்கள். அது தகவல் இல்லை என்று திருப்பி அனுப்புவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள். மாவட்ட புவியியல் மற்றும் சுரங்கத்துறை அலுவலகத்துக்கு இப்படி:

"இன்ன கிராமம், இன்ன சர்வே எண்ணில் 1.1.2023 முதல் இன்றுவரை மணல், சவுடு, வண்டல் எடுக்க வழங்கப்பட்ட அனுமதி ஆணைகளின் நகல். அனுமதி எதுவும் வழங்கப்படவில்லை எனில், அவ்வாறே குறிப்பிடவும். அதே இடத்துக்கான சுற்றுச்சூழல் அனுமதி, சுரங்கத் திட்டம் ஆகியவற்றின் நகல். வழங்கப்பட்ட நடைச்சீட்டுகளின் எண்ணிக்கை. இக்கிராமத்தில் பறிமுதல் செய்யப்பட்ட வாகனங்களின் பதிவெண், தேதி, விதிக்கப்பட்ட அபராதம்."

இந்த ஐந்து வாக்கியத்தில் மிக முக்கியமானது, "அவ்வாறே குறிப்பிடவும்" என்பது. "மேற்படி சர்வே எண்ணில் அனுமதி ஏதும் வழங்கப்படவில்லை" என்று அலுவலக முத்திரையோடு ஒரு வரி வந்துவிட்டால், சட்டவிரோதம் என்பதை இனி நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. அவர்களே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

பதில் வரவில்லை என்றால் 19(1) பிரிவில் முதல் மேல்முறையீடு, பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது. ஆணையத்தில் தாமதமாகும், அதற்காகக் காத்திருக்காமல் அடுத்த படிக்குப் போங்கள்.

அனுமதி இருப்பதாகப் பதில் வந்தால் மனம் தளராதீர்கள். ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி தேவை என்று உச்ச நீதிமன்றம் 2012 பிப்ரவரியில் தீபக் குமார் வழக்கில் சொல்லிவிட்டது. ஆண்டுதோறும் எவ்வளவு மணல் திரும்ப வந்து சேர்கிறது என்ற ஆய்வு இல்லாத மாவட்ட அளவாய்வு அறிக்கையை (மாவட்டத்தில் எங்கே எவ்வளவு கனிமம் எடுக்கலாம் என்று கணக்கிடும் அறிக்கை) வைத்து அனுமதி கொடுக்க முடியாது என்று 2025 ஆகஸ்டில் சொன்னது. அனுமதி ஆணையின் நிபந்தனைகளை ஒவ்வொன்றாகப் படித்து, உங்கள் அளவுகளோடு ஒப்பிடுங்கள்.

ஐந்தாம் படி: மனு

மாவட்ட ஆட்சியருக்கு முகவரியிட்டு, திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் கூட்டமாகப் போய்க் கொடுங்கள். நகல்கள் கோட்டாட்சியர், வட்டாட்சியர், சுரங்கத்துறை உதவி இயக்குநர், நீர்வளத்துறை செயற்பொறியாளர், காவல் கண்காணிப்பாளர் ஆகியோருக்குப் பதிவுத் தபாலில். கூட்டத்தில் கொடுத்த மனுவுக்கு எண் போட்ட ரசீது வாங்காமல் வராதீர்கள்.

மனு இரண்டு பக்கத்தைத் தாண்டக் கூடாது. ஆற்றின் பெருமை, முன்னோர் வழிபாடு எல்லாம் வேண்டாம். முதல் பத்தியில் இடம்; இரண்டாவதில் அளவு; மூன்றாவதில் தகவல் உரிமைச் சட்டப் பதில்; நான்காவதில் என்ன வேண்டும் என்பது. "உரிய நடவடிக்கை எடுக்க வேண்டுகிறோம்" என்று முடித்தால் உரிய நடவடிக்கை எதுவும் இருக்காது. இப்படிக் கேளுங்கள்: கூட்டுப் புலத்தணிக்கை, அதுவும் ஊர்ப் பிரதிநிதிகள் முன்னிலையில், குழியை அளந்து எடுக்கப்பட்ட மணலின் மதிப்பை 1957-ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டம் 21(5) பிரிவின்படி வசூலித்தல், ஆற்றுக்குள் இறங்கும் தடங்களின் குறுக்கே அகழி வெட்டுதல். கடைசியாகச் சொன்னது மிகச் சாதாரணமான வேலை. ஒரு நாள் ஜேசிபி வாடகைதான். ஆனால் அதைப்போல் உடனே பலன் தருவது வேறில்லை.

ஆறாம் படி: காவல் நிலையம்

"இது கனிமவளத்துறை விவகாரம், நாங்கள் வழக்குப் போட முடியாது" என்பார்கள். பாதி உண்மை. கனிமச் சட்டத்தின் 22-ஆம் பிரிவுப்படி, அதற்கென அதிகாரம் பெற்ற அலுவலர் எழுத்துமூலம் புகார் கொடுத்தால்தான் அந்தச் சட்டக் குற்றத்தை நீதிமன்றம் எடுக்கும். ஆனால் அரசுக்குச் சொந்தமான மணலை அள்ளிப்போவது திருட்டும்தான். அதற்குத் தனியாக வழக்குப் பதியலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் டெல்லி யமுனை மணல் வழக்கில் தெளிவாக்கிவிட்டது. இப்போது அது பாரதிய நியாய சம்ஹிதையின் 303-ஆம் பிரிவு. புகாரில் அந்த எண்ணைக் குறிப்பிடுங்கள். குறைந்தபட்சம் சி.எஸ்.ஆர். ரசீதாவது (புகார் பெற்றதற்கான ரசீது) வாங்குங்கள். அதுவும் மறுக்கப்பட்டால் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். பிறகு குற்றவியல் நடுவரிடம் போகலாம்.

ஏழாம் படி: தீர்ப்பாயமும் உயர் நீதிமன்றமும்

தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய், வழக்கறிஞர் கட்டாயமில்லை. பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 14-ஆம் பிரிவின் கீழ் ஆறு மாத கால வரம்பு உண்டு என்பதை மறக்க வேண்டாம். ஆட்சியரின் பதிலுக்காக ஒரு வருடம் காத்திருந்த ஊர்கள் இதில்தான் சறுக்கின. தீர்ப்பாயம் வழக்கமாகப் பல துறை அலுவலர்கள் அடங்கிய கூட்டுக் குழுவை அனுப்பும். குழு வரும் நாளைத் தெரிந்துகொண்டு, உங்கள் அளவு நோட்டோடு அங்கே இருங்கள். இல்லையென்றால் குழிக்குப் பதிலாகக் கரையைப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

பொதுநல வழக்கு என்றால், தென்மாவட்டங்களுக்கு மதுரைக் கிளை. ஸ்ரீவைகுண்டத்துக்காரரான தோழர் நல்லகண்ணு எண்பது வயதைக் கடந்த நிலையில், தாமிரபரணி மணலுக்காக அங்கே தாமே வாதாடினார். 2010 டிசம்பரில் அந்த ஆற்றில் ஐந்தாண்டுகளுக்கு மணல் அள்ளத் தடை வந்தது. முறப்பநாடு அதே ஆற்றின் கரையில்தான் இருக்கிறது. கொலை நடந்தது தடை வந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு. தடையாணை கையில் வந்ததும் கோப்பைக் கட்டிப் பரணில் போட்டுவிடக் கூடாது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

ஆணை வந்த பிறகு

ஆணையின் சான்றிட்ட நகலை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். ஆணையை மீறினால் ஓராண்டுக்குள் நீதிமன்ற அவமதிப்பு மனு போட வேண்டும். எனவே மீறல் நடந்த தேதி வேண்டும். வடகிழக்குப் பருவமழை முடிந்து தை, மாசியில் வெள்ளம் வடியும்போது வெட்டிய அகழிகள் தூர்ந்திருக்கும், தடங்கள் திரும்பக் காய்ந்திருக்கும். லாரி முதலில் எட்டிப் பார்ப்பது அப்போதுதான். பொங்கல் முடிந்த வாரம் நாடாவை எடுத்துக்கொண்டு பழைய குழியை மறுபடி அளங்கள். மணல் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதும் தெரியும். அந்த ஐந்து கிணறுகளில் கயிறு விடும் வேலையை, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள்.